யார் போகச் சொன்னது?

(ஈப்போ, புந்தோங்கில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை மாற்றாமல் சற்றே சுருக்கித் தருகிறோம்.)



2007 நவம்பர் 25 பற்றிப் பேசுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் கோலாலம்பூருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை. ஈப்போவில் என் வீட்டில் பசியாறிவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியர். பென்ஷன் போய்விடுமோ என்ற பயம். வேறு காரணம் சொன்னால் அது சாக்கு.

ஆகவே வீதியில் நின்றவர்களின் வீரத்தைப் பற்றி முழங்க எனக்குத் தகுதி இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பேசினோம் என்பதைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு. போலீஸ் அன்று என்ன செய்தது என்று நிறையப் பேர் பேசிவிட்டார்கள், இனியும் பேசுவார்கள். அதைப் பார்த்த ஜனங்கள் நாம் என்ன சொன்னோம் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினால் நம் முகமும் அதில் தெரியும் அல்லவா?

என் அக்காள் மகன் போயிருந்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் செம்பனைக்கு மாறி ஜனங்கள் கலைந்த பிறகு ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவன். சனிக்கிழமை இரவு நண்பர்கள் நாலு பேரோடு ஒரு பழைய காரில், நெடுஞ்சாலையில் சாலைத்தடுப்பு இருக்கும் என்று பயந்து, தஞ்சோங் மாலிம் வழியாகப் பழைய ரோட்டிலேயே போயிருக்கிறார்கள். நேராகப் பத்துமலை. அங்கேதான் நள்ளிரவிலிருந்து ஜனங்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள், கோயில் வளாகத்துக்குள் இருந்தவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த தண்ணீரும் பாய்ந்தன. முருகன் கோயில் வாசலில்! காலையில் அம்பாங் சாலையிலும் இரட்டைக் கோபுரத்தைச் சுற்றியும் அதே கதை. கையில் மகாத்மா காந்தி படத்தையும் எலிசபெத் ராணி படத்தையும் வைத்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு மனு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு லட்சம் பேர் கையெழுத்துப் போட்ட மனு என்றார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை அவன் திரும்பி வந்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சட்டையில் ஒரு நாற்றம், அக்காள் மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. நான் அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சாப்பிட்டியா?" என்று கேட்கவில்லை. "அடிபட்டதா?" என்று கேட்கவில்லை.

"யார்டா உன்னைப் போகச் சொன்னது?"

"நான்தான் போனேன் மாமா" என்றான். எனக்கு அந்தப் பதில் அப்போது பிடிபடவில்லை. யாரோ ஒருவர் சொல்லித்தான் ஒரு தமிழன் நாலு பேரோடு சேர்ந்து ஓரிடத்தில் நிற்பான் என்று நான் நம்பினேன். படித்தவன், வாத்தியார், அப்படி நம்பினேன்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். யாருக்கு எந்த நிரை என்று தண்டல் சொல்வார். கோயில் திருவிழாவுக்கு மானேஜரிடம் அனுமதி. வெளியாள் வந்து கூட்டம் போட்டால் ஜாகா போய்ச் சொல்லிவிடுவான், மறுநாள் கிராணி கூப்பிட்டு விசாரிப்பார். "யார் சொல்லி வந்தான்? யார் வீட்டில் தங்கினான்?" துரையின் கேள்வி அது. துரை போய், துரைக்குப் பின்வந்த மானேஜரும் போய், தோட்டமே போய், லயத்து வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும் அந்தக் கேள்வி என் வாயில் மிச்சம் இருந்தது. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பது. அதற்கும் பட்டாளத்தைக் கூப்பிட்டுத் துப்பாக்கியால் பதில் சொன்னார்கள், உயிர்கள் போயின. தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதற்கு அத்தனை விலை இருந்தது. நான் 2007-இல் சோபாவில் உட்கார்ந்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன்.

நாட்டின் சட்டமும் அப்போது அதே கேள்வியைத்தான் கேட்டது. அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்கள் ஆயுதமின்றி அமைதியாகக் கூடலாம் என்கிறது. 1967 போலீஸ் சட்டத்தின் 27-ஆவது பிரிவோ, லைசென்ஸ் எங்கே என்று கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று போலீஸ் நீதிமன்ற உத்தரவும் வாங்கியிருந்தது. ஆகவே எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு சுலபமாக முடிந்துவிட்டது. "பெர்மிட் இல்லாமல் போனால் அடிக்கத்தான் செய்வான்." அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பெர்மிட் கேட்டால் கொடுத்திருப்பார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெர்மிட் இல்லாதவனை எவ்வளவு அடிக்கலாம் என்றும் கேட்கவில்லை.

வெளியே என்ன பேசினார்கள்? தமிழ்நாட்டிலிருந்து முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். இங்கிருந்து அமைச்சர் நஸ்ரி, உங்கள் மாநிலத்து வேலையைப் பாருங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். புந்தோங் சாப்பாட்டுக் கடையில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வாரம் சூடாகப் பேசினோம். யார் பெரியவர், யார் யாருக்குப் பதில் சொன்னார் என்று. அதே வாரத்தில் என் மருமகன் கண் மருந்து ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். அவனை யாரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.

டிசம்பரில் நிலைமை மாறியது. பத்துமலையில் ஒரு போலீஸ்காரருக்குக் காயம் பட்டதற்காக 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டினார்கள். ஒருவர் தலையில் பட்ட காயத்துக்கு முப்பத்தொரு கொலையாளிகள்! அந்த மாதமே அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம், குற்றம் சாட்டியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. டிசம்பர் 13 அன்று உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐவரையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடித்துக் கமுந்திங்குக்குக் கொண்டுவந்தார்கள். விசாரணை கிடையாது. நம்முடைய பேராக்கில்தான், தைப்பிங்குக்குப் பக்கத்தில், ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்.

ஆச்சரியம் என்னவென்றால், வீதியில் நின்றவர்களை அடித்தபோது "பெர்மிட் இல்லை" என்று சொன்ன அதே ஜனங்கள், விசாரணை இல்லாமல் அடைத்தபோது சும்மா இருக்கவில்லை. கோயில்களில் அர்ச்சனை செய்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கூட்டம் என்று சொன்னால்தானே பெர்மிட் கேட்பான், பூசை என்று சொல்வோம் என்றார் ஒரு பாட்டி. எந்தச் சட்டக் கல்லூரியிலும் படிக்காதவர்.

2008 பிப்ரவரி 16 அன்று இன்னொன்று நடந்தது. குழந்தைகளை முன்னால் வைத்துப் பிரதமர் அப்துல்லா அகமது படாவிக்கு ரோஜாப்பூ கொடுக்கப் போவதாக இண்ட்ராப் அறிவித்தது. அதற்கும் கோலாலம்பூரில் கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. குழந்தைகளை அப்படி முன்னால் நிறுத்துவது சரியா என்ற கேள்வி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் என் ஆசிரியர் அறையில் பெர்மிட் பேச்சு அன்றோடு நின்றது. பூவுக்குப் புகையா என்று முதன்முதலாகக் கேட்டவர் எங்கள் தலைமையாசிரியர். அதுவரை வாயைத் திறக்காதவர்.

மூன்று வாரம் கழித்து, மார்ச் 8. சுங்கை சிப்புட்டில் 1974 முதல் ஜெயித்துவந்த டத்தோஸ்ரீ சாமிவேலு தோற்றார். டாக்டர் ஜெயக்குமார் ஜெயித்தார். கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரன் சிலாங்கூரில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். பேராக் மாநில அரசே மாறியது. இதற்குக் காரணம் நூறு சொல்லலாம், நான் அரசியல் ஆராய்ச்சியாளன் இல்லை. என் அக்காள் சொன்னதை மட்டும் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க ஒரே சின்னத்துக்குக் குத்தியவர். அன்று சாவடியிலிருந்து வெளியே வந்து, "அந்தச் சட்டை நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு" என்றார்.

இதுவரை சொன்னதற்குக் கைதட்டுகிறீர்கள். இனிமேல் சொல்லப்போவதற்குத் தட்டுவீர்களா தெரியவில்லை.

2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகி, பேராக் மாநில அரசு கவிழ்ந்தது. புதிய மந்திரி புசார் பதவியேற்ற பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, கோலகங்சாரில் பெரும்பாலும் மலாய்க்காரர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் மீதும் கண்ணீர்ப்புகை பாய்ந்தது. மறுநாள் காலை அதே புந்தோங் கடையில் நான் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். "இப்ப தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு. நம்ம புள்ளைங்கள அடிச்சப்ப எங்க போனாங்க?" நானும் சிரித்தேன். "அது அவங்க பிரச்சினை" என்று நானே வாயால் சொன்னேன்.

என் மருமகன் எதிரில் உட்கார்ந்திருந்தான். தே தாரேக்கைக் கீழே வைத்தான். "மாமா, அந்தப் புகை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது" என்றான். எழுந்து போய்விட்டான். காசுகூட அவனே கொடுத்துவிட்டுப் போனான்.

2007-இல் ஆசிரியர் அறையில் இருந்த மலாய் ஆசிரியை, நல்ல மனுஷி, என்னிடம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அது உங்கள் இந்தியர் விஷயம், நாங்கள் எப்படிப் பேசுவது?" அதைக் கேட்டு நான் மனதுக்குள் எவ்வளவு வருத்தப்பட்டேன்! பதினைந்து மாதத்தில் அதே வசனத்தை நான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். இந்த நாட்டில் போலீஸ் தடியைப் பற்றிய நம் அபிப்பிராயம், அது எந்த இனத்தான் தலையில் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறது. தமிழன், சீனன், மலாய்க்காரன் மூவருக்கும் இது பொது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

அந்த மே மாதம் 7-ஆம் தேதி நம் ஈப்போவிலேயே நடந்தது. மாநிலச் செயலகத்தைச் சுற்றி எல்லாத் தெருவையும் போலீஸ் அடைத்திருந்தது. கறுப்புச் சட்டை போட்டவர்களைப் பிடித்தார்கள். கறுப்பு அணியுங்கள் என்று அழைத்த வோங் சின் ஹுவாட்டை இரண்டு நாள் முன்னதாகவே கைது செய்திருந்தார்கள். சட்டமன்றத்துக்குள்ளே சபாநாயகர் சிவக்குமாரை உட்கார்ந்திருந்த நாற்காலியோடு சேர்த்து இழுத்து வெளியே கொண்டுபோனார்கள். மார்ச் மாதம் செயலகத்துக்குள் போகவிடாமல் தடுத்தபோது மரத்தடியில் சட்டமன்றத்தைக் கூட்டியவர் அவர்தான். அந்த மரத்தை ஜனநாயக மரம் என்று கூப்பிட ஆரம்பித்தது எல்லா இனத்து ஜனங்களும் சேர்ந்துதான்.

நாற்காலியோடு இழுக்கப்பட்டவர் தமிழர் என்பதால் நம்மவர்களுக்கு ரத்தம் கொதித்தது. சரி, கொதிக்கட்டும். ஆனால் அன்று மாலை எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று வீடு தள்ளி ஒரு சீனக் கிழவர், வாழ்நாளில் என்னிடம் பத்து வார்த்தை பேசாதவர், கறுப்பு பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சிகு, ஹாரி இனி சாயா புன் ஹித்தாம்" என்றார். வாத்தியாரே, இன்னைக்கு நானும் கறுப்பு என்று. நான் உள்ளே போய்க் கறுப்புச் சட்டை தேடினேன். இருந்தது ஒன்றே ஒன்று, சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் கலந்துகொண்ட முதல் மறியல் அதுதான், சிரிக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், சாட்சி பற்றியது. 2011 ஜூலை 9, பெர்சே பேரணி. அன்று ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். கோலாலம்பூர் துங் ஷின் மருத்துவமனைப் பக்கம் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் வந்தன என்று ஜனங்கள் சொன்னார்கள். அப்படி இல்லை என்று சுகாதார அமைச்சர் முதலில் மறுத்தார். அங்கே இருந்த மருத்துவர்கள் சிலர் தாங்கள் கண்ணால் கண்டதை எழுதி வெளியிட்டார்கள். படங்களும் வந்தன. அதன் பிறகு மறுப்பவர்களுக்குப் பேச்சு எடுபடவில்லை. மருத்துவர்களைக் கும்பிடுகிறேன், துணிச்சலான காரியம். ஆனால் எனக்குள் ஓர் ஆதங்கம். பத்துமலையில் நாலு வருடம் முன்னால் அதே மாதிரி கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்! பால்வெட்டிய அம்மாக்கள், லாரி ஓட்டுநர்கள், என் மருமகன் மாதிரி தொழிற்சாலைப் பையன்கள். அவர்கள் எழுதவில்லை. எழுதினால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டார்கள். டாக்டர் சொன்னால் சாட்சி, பால்வெட்டுக்காரி சொன்னால் புலம்பல் என்று மற்றவர்கள் நினைத்தது இருக்கட்டும், நாமே அப்படி நினைத்தோமே!

அதே 2011-இல், பெர்சேவுக்கு முன்னதாக டாக்டர் ஜெயக்குமார் உட்பட மலேசிய சோசலிசக் கட்சியினர் ஆறு பேரை அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைத்தார்கள். ஜூலை 29 அன்று விடுவித்தார்கள். சுங்கை சிப்புட் தோட்டத்து ஜனங்கள் அப்போது சும்மா இருக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறேன். "யார் அவரைப் போகச் சொன்னது?" என்று என் அக்காள் வீட்டுப் பக்கம் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது? தம்பிமார்கள் சிலர் வரும்போதே கேட்டீர்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் ரத்தானது, ஆனால் அதன் இடத்தில் சொஸ்மா வந்தது, அதை மறக்க வேண்டாம். அதே ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் வந்தது. லைசென்ஸ் போய், முன்னறிவிப்பு வந்தது. முதலில் பத்து நாள், 2019 திருத்தத்தில் ஐந்து நாள். ஊர்வலமாகப் போவதற்கு இருந்த தடையும் அந்தத் திருத்தத்தில்தான் நீங்கியது. முன்னறிவிப்புக் கொடுக்காத ஏற்பாட்டாளரைக் குற்றவாளியாக்கும் பிரிவு 9(5) செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2015-இல் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, ஜொகூரைச் சேர்ந்த நம் தம்பி யுனேஸ்வரன் வழக்கில், செல்லும் என்றது. பத்து வருட இழுபறிக்குப் பிறகு, 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்துவிட்டது. முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதி ஏட்டில் இருக்கிறது. கொடுக்காததற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தான் முடியாது.

போலீஸ் மீது புகார் சொல்வதற்கு? 2005-இல் அரச விசாரணை ஆணையம் சுதந்திரமான புகார் ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வருடம்! வந்ததற்கும், தானே தண்டனை விதிக்கும் அதிகாரம் இல்லை. விசாரித்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கலாம். இருந்தாலும் போய்ப் பதிவு செய்யுங்கள். எழுதி வைக்காத அடி, பட்டவன் உடம்போடு போய்விடும்.

அதனால்தான் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறேன். பென்ஷன் வந்துவிட்டது, இனிப் பயமில்லை. இதோ இந்த நோட்டுப்புத்தகம். 2007 நவம்பரில் பத்துமலையிலோ கோலாலம்பூரிலோ இருந்த பேராக்காரர்கள் சொல்வதை எழுதிவருகிறேன். பெயர் வேண்டாம் என்றால் பெயர் எழுதுவதில்லை. எந்த நேரம், எந்தப் பக்கம் நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், யார் உதவினார்கள், இவ்வளவுதான் கேட்கிறேன். போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார் என்று ஒரு அம்மா சொன்னார், அதையும் எழுதியிருக்கிறேன். நமக்குப் பிடித்ததை மட்டும் எழுதினால் அது சாட்சியாகாது. 2009-இல் கோலகங்சாரில் புகை வாங்கிய மலாய் நண்பர் ஒருவரிடமும் பேசினேன். மஸ்ஜிட் பக்கம் ஓடினேன், கண் தெரியவில்லை, யாரோ கையைப் பிடித்தார்கள், யார் என்று இன்றுவரை தெரியாது என்றார். அதை அவர் மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பக்கம் என் மருமகனுடையது. கேட்கப் பதினைந்து வருடம் ஆயிற்று எனக்கு. இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "நீங்க கேட்டா சொல்றேன்னுதான் இருந்தேன் மாமா" என்றான். மூன்று மணி நேரம் பேசினான்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது வரிசையில் நீலச் சேலை கட்டிய அக்கா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அன்று கோயில் கேட்டுக்கு உள்ளே இருந்தவர். இதுவரை மேடையில் பேசியதே இல்லை, வேண்டாம் தம்பி வேண்டாம் தம்பி என்கிறார். அக்கா, நீங்கள் எழுந்து வர வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள், ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.